சாட் எல்லைக்குப் போற மகளுக்கு

வவுனியா

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைச்சுது. இஞ்ச எல்லாரும் சுகம், என்ர முழங்கால்தான் சொல்வழி கேக்குதில்லை.

மகள் நிவாரண வேலைக்கு ஆபிரிக்காவில சாட் நாட்டுக்கும் சூடானுக்கும் இடையில இருக்கிற எல்லைக்குப் போகப்போறாளாம், மறிச்சு ரெண்டு சொல்லு சொல்லடா எண்டு கேட்டிருக்கிறாய். நான் மறிக்கமாட்டன். ஆனா அங்க பெரிய தலையிடி பெர்மிற்றுத்தான் எண்டு சொல்லிவை. அட்ரே எல்லைக்கு அங்கால சூடானின்ர மேற்கு டார்பூர், இராணுவத்தோட சண்டை பிடிச்ச ஆர்.எஸ்.எப். எண்ட ஆயுதப்படையின்ர கையில இருந்துது. எண்டாலும் 2024 மாசியில சூடான் இராணுவ அரசாங்கம் அந்தப் பாதையை மூடச்சொல்ல ஐ.நா. லொறியள் நிண்டிட்டுது. ஆவணியிலதான் திறந்தவை. அதுக்கிடையில பசி பொறுக்குமே?

எங்களுக்கு இது புதுசில்லை. எங்கட சண்டைக் காலத்தில, 2008 புரட்டாதியில, அரசாங்கம் சொன்ன உடன ஐ.நா. வன்னியை விட்டு வெளிக்கிட்டுது. கிளிநொச்சிக் கந்தோர் வாசல்ல சனம் நிண்டு போகாதேங்கோ எண்டு கெஞ்சினது உனக்கும் தெரியும். சர்வதேசச் செஞ்சிலுவைக்காரர், ஐ.சி.ஆர்.சி., நிண்டுது. நிண்டபடியால்தான் 2009 மாசி தொடக்கம் புதுமாத்தளனில இருந்து காயக்காரரைக் கப்பலில ஏத்த முடிஞ்சுது. அவை வெளியில அதிகம் கதைக்கேல்லை எண்டு இப்பவும் ஏசுற ஆக்கள் இருக்கினம். நான் ஏசமாட்டன். அந்த வாய்மூடலால ஒரு கப்பலாவது ஓடிச்சுது. ஐ.நா.வும் செத்தவையை எண்ணி வைச்சிருந்தது: வைகாசி 13 வரைக்கும் 7,721 பேர். அந்தக் கணக்கை அப்ப வெளியில விடேல்லை. அந்த மௌனத்தால என்ன ஓடினது, சொல்லு பாப்பம்?

பிறகு மெனிக் பாம், சண்டையில தப்பி வந்த சனத்தை அரசாங்கம் அடைச்சு வைச்ச முகாம், நான் தண்ணி பவுசர் லொறி ஓட்டின இடம். முட்கம்பிக்குள்ள ரெண்டு லட்சத்துக்கும் மேல சனம். தண்ணி குடுத்தா அடைச்சு வைக்கிறவைக்குக் கை குடுக்கிறம், குடாட்டி சனம் வெயிலில காயும். குடுத்தம். ஒருநாள் பவுசர் குழாய்க்குக் கீழ வாளியை வைச்ச மனிசி ஒண்டு, கம்பிக்கு வெளியில நிண்ட தாயோட கத்திக் கதைச்சுக்கொண்டு நிண்டா. வாளி நிரம்பி வழிஞ்சுது. பின்னால வரிசையில ஒருத்தரும் ஏசேல்லை. படம் எடுத்தா, வெளியில கதைச்சா, நாளைக்கு முகாமுக்குள்ள போகப் பாஸ் இல்லை எண்டு எங்கட மேலதிகாரி காலமை சொல்லித்தான் அனுப்பினவர். தண்ணி குடுத்ததில எனக்கு இண்டைக்கும் மனக்குறை இல்லை. பாஸுக்காக எதையெதை விழுங்கினம் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, அதுதான் குறை.

மகளை ஒரு கொப்பி வைச்சிருக்கச் சொல்லு. எந்த லொறி, எத்தினை நாள் நிண்டுது, ஆர் மறிச்சவை, எதைச் சொல்லவேண்டாம் எண்டவை, எல்லாம் திகதியோட. வெளிக்கிட முதல் எனக்கு ஒருக்கா போன் எடுக்கட்டும். மலேரியாக் குளிசையை மறக்கவேண்டாம் எண்டும் சொல்லு.

அன்புடன்,
உன்ர பழைய பவுசர்காரன்