பின்சக்கரமும் மறந்துபோகும் குழாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரப் பேரிங்கை எப்போது மாற்ற வேண்டும் என்று தெளிவாக விளக்கியிருந்தீர்கள். ஆனால், மாற்றிய பின் செய்ய வேண்டியவை அனைத்தும் ‘மீண்டும் பொருத்தவும்’ என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிட்டன. புதிய பேரிங் சில வாரங்களிலேயே இரைச்சலிட்டால் நாம் உடனே பேரிங்கைத்தான் குறை சொல்கிறோம். தவறு பெரும்பாலும் பூட்டிய விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் உள்ளே, இரு பேரிங்குகளுக்கும் நடுவே, ஸ்பேசர் எனப்படும் ஒரு குழாய் இருக்கிறது. சக்கரத்தின் அச்சுத்தண்டை இறுக்கும் ஆக்சில் நட்டை முறுக்கும்போது எழும் அழுத்தம், பேரிங்கின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே உள்ள குண்டுகளைத் தொடாமல், உள்வளையங்களின் வழியே இந்தக் குழாயின் மீது இறங்க வேண்டும். குழாய் இல்லாவிட்டாலோ, முனை தேய்ந்து நீளம் குறைந்திருந்தாலோ, உள்வளையங்கள் இரண்டும் உள்நோக்கி நெருக்கப்பட்டுக் குண்டுகள் பக்கவாட்டுச் சுமையில் சிக்கிக்கொள்ளும். நானே ஒருமுறை அந்தக் குழாயை மேசையிலேயே விட்டுவிட்டுச் சக்கரத்தை மாட்டி, நட்டை முறுக்க முறுக்கச் சக்கரம் இறுகியதைக் கண்டு, எல்லாவற்றையும் மறுபடி கழற்றியிருக்கிறேன். ஆகவே முதல் பேரிங்கை ஹப்பின் உள்ளே அது அமரும் விளிம்பு வரை முழுமையாக இறக்கி, குழாயை வைத்த பிறகு, இரண்டாவதை அது குழாயைத் தொடும் வரை மட்டுமே இறக்க வேண்டும். இரண்டையும் தட்டி இறக்கும்போது அடி வெளிவளையத்தின் மீதுதான் விழ வேண்டும்.

சக்கரத்துக்கும் செயின் பல்சக்கரத்துக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் கப்ளிங் ரப்பர்கள் தளர்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பியைப் பூட்ட மறந்தால், முதல் பிரேக்கிலேயே தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடும். எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான்.

செயினின் தளர்வு பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும் என்றாலும், தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவையே கொள்ள வேண்டும். அதையும் சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இருபுறக் குறிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே நட்டைக் கையேடு கூறும் அளவுக்கு முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் உள்ள வண்டியில் புதிய பின்னைச் செருக வேண்டும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

அடுத்த முறை இப்பகுதியில் ஹப்பின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வெளியிட்டால், அந்தக் குழாய் இருக்கும் இடம் வாசகர்களுக்கு ஒரே பார்வையில் விளங்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்