அக்காவுக்கு, பொட்டிப்புரத்தை முன்வைத்து

அன்புள்ள அக்கா,

ஜப்பானின் கமியோகாவிலுள்ள நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியும் ஆயிற்று. நேரில் சொல்லியிருந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உணர்கருவிகளின் வாயுக் கசிவுச் சோதனைக்குத் திரும்பியிருப்பீர்கள். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் எழுதுகிறேன். மன்னியுங்கள். ஆனால் மன்னிப்புக் கேட்கவேண்டியது நான்தானா என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நம்மவர்களும் இதைப் படிப்பார்கள். கடைசிக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதற்குள் நான் போகப்போவதில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு நம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவுசெய்தது ஊரறிந்தது, அதுவரை போதும்.

ஆய்வகத்துக்காக மலையைக் குடைய இருந்த தேனி மாவட்டப் பொட்டிப்புரத்து வேப்பமரத்தடிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த அந்த அம்மா, “மலைக்குள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். நீங்கள் அழகாகச் சொன்னீர்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், அதாவது எதிலும் அநேகமாக மோதாமலே கடந்துபோகும் நுண்துகள்கள், ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி போகின்றன, யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை என்று. அவர் முழுவதும் கேட்டார். “அது போகட்டும் தாயி. வெடி வைத்தால் என் கிணறு என்ன ஆகும்?” என்றார். நீங்கள் மறுபடியும் நியூட்ரினோவிலிருந்து ஆரம்பித்தீர்கள்.

அன்றிலிருந்து “அவர்களுக்கு அறிவியல் புரியவில்லை” என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது அக்கா. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதிலிருந்து வெட்டியெடுக்கும் பாறை, லாரிகள், தண்ணீர். அவர் கேட்டது அதைத்தான். அவர் புரிந்துகொண்டுதான் கேட்டார்.

திட்டம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெவ்வேறு நிறையுள்ள மூன்று நியூட்ரினோக்களில் மூன்றாவது மற்ற இரண்டையும்விடக் கனமானதா, இலேசானதா? இதற்கு நாம் வைத்திருந்த வழி எவ்வளவு நேர்த்தியானது! வளிமண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்துக்கொண்டு வருபவற்றில், கனமென்றால் நியூட்ரினோவும் இலேசென்றால் அதன் எதிர்த்துகளான எதிர் நியூட்ரினோவும் பூமியின் பொருளால் கூடுதலாக வகை மாறும். இரண்டையும் பிரித்தறியத்தான் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. அவை இரும்பில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற மின்துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் போதும். மதுரையில் 85 டன் மாதிரியில் காஸ்மிக் மியூவானின் தடம் திரையில் வளைந்தபோது என் தோளைப் பிடித்து உலுக்கினீர்களே, அந்தச் சந்தோஷத்தில்தான் இத்தனை காலம் இந்தத் துறையில் இருந்தேன்.

1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டோம் என்பதை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! எனக்கும் அது பெருமைதான். ஆனால் 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை நம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த அதே மாதம் சீனாவில் ஜூனோ என்ற நியூட்ரினோ ஆய்வகத்தின் கட்டுமானமும் ஆரம்பித்தது. 2025 ஆகஸ்டில் அவர்கள் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 20,000 டன் திரவம், 53 கிலோமீட்டர் தள்ளி, நியூட்ரினோக்களை அனுப்பும் அணு உலைகள். பூமியின் பொருளை நம்பாமலே அதே நிறை வரிசையைத் தேடுகிறார்கள். விடை அங்கிருந்து முதலில் வரலாம். அதைப் பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோவைக் கொண்டும் சரிபார்க்க வேண்டாமா?

அதற்காகத்தான் கமியோகாவில் கட்டிவரும் ஹைப்பர்-கமியோகாண்டே. 2,60,000 டன் தண்ணீர். காந்தம் கிடையாது, ஒவ்வொரு மியூவானின் மின்னூட்டம் நேரா எதிரா என்பதையும் தனித்தனியே பார்க்க முடியாது. உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் வருவது அதே வளிமண்டல நியூட்ரினோதான். உங்களிடம் கற்றதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். விட்டுவிட்டு ஓடினாள் என்று மட்டும் யாரையும் சொல்லவிடாதீர்கள். நீங்களும் சொல்லாதீர்கள்.

கசிவுச் சோதனைக் குறிப்பேடுகளை உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளிடம், எங்களிடம் சொன்னதுபோல “அடுத்த வருடம் சுரங்க வேலை ஆரம்பித்துவிடும்” என்று சொல்லாதீர்கள் அக்கா. இருப்பதைச் சொல்லுங்கள். இருப்பதா போவதா என்பதை அவர்கள் முடிவுசெய்யட்டும்.

உங்கள் தங்கை