படியாள் எந்தக் கோட்டில் வருவார்?

ஆசிரியருக்கு,

வணக்கம். கணித மாதிரிக்குள் அடங்காதது பொருளியலே அல்ல என்கிற தொனியில் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. முப்பது வருடம் கல்லூரியில் அந்த மாதிரிகளை வரைந்துதான் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஒருநாள், உழைப்புக்கான தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டுகிற இடத்தில் கூலி நிற்கும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எங்கப்பா செங்கல் சூளையில அட்வான்ஸ் வாங்கியிருக்கார். பக்கத்துல கூலி கூடக் குடுத்தாலும் போக முடியாது. அவர் இந்தப் படத்துல எங்க சார் வருவார்?" 'பிற நிலைமைகள் மாறாதிருந்தால்' என்று எதையோ சொல்லிச் சமாளித்து அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். இன்னமும் உறுத்துகிறது.

அவன் அப்பாவைப் போன்றவர்களைப் பற்றி நூறு வருடத்துக்கு முன்பே இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. கடனுக்குக் கட்டுப்பட்டு ஒரே பண்ணையில் உழைத்தவரைப் படியாள் என்பார்கள். படியாள் கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடன் அங்கே அடைபடாமல் பிள்ளைகள் தலையில் இறங்கியது. நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறினார். அதே ஊரை 1930-களில் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் மேற்பார்வையில் மறுபடி ஆராய்ந்தார்கள். 1981-ல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் அங்கே ஆய்வுக்குப் போனார்கள். பண்ணையார்களின் பிடி எப்படித் தளர்ந்தது என்பது, இப்படித் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதால்தான் நமக்குத் தெரிகிறது.

அதற்காகக் கணக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் விலைவாசி என்னாகும் என்பதை இருவேல்பட்டுத் தெருவில் நின்று சொல்லிவிட முடியாதுதான். ஓர் ஊரை வைத்து நாட்டை அளக்கவும் கூடாது. கையில் இருக்கிற சூத்திரத்துக்குத் தோதான கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, மிச்சத்தைச் சமூகவியல் துறைக்குத் தள்ளிவிடுகிறோமே, என் சண்டை அதோடுதான்.

இப்போது முதுகலை புராஜெக்ட் என்றால் வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி, வந்த பதில்களை மென்பொருளில் கொட்டி, பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சூளையில் கல் அறுப்பவருக்கு அந்த லிங்க் போயிருக்காது.

- ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர், கடலூர்