எம்.பி.ஏ. போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஒற்றை வரி அனுப்பியிருந்தாய்: "அக்கா, எம்.பி.ஏ. போகலாமா?" காலையில் பதில் போட உட்கார்ந்தேன். போன் திரைக்குள் அடங்கவில்லை. தவிர, இந்த வருஷம் இதே கேள்வியோடு வந்த நாலாவது ஆள் நீ. அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டிக்கொள். இந்த வருஷம் போகாதே.

ஏன் என்று சொல்ல, நான் போய் என்ன கற்றேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் மாதம், 'கேஸ்' வகுப்பு. சட்டப் படிப்பிலிருந்து ஹார்வர்டு கடன் வாங்கி, பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை அது. பாடம் நடத்த மாட்டார்கள். ஒரு கம்பெனியின் கதையைக் கையில் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். அன்றைக்கு 22 பக்கம். பம்பு தயாரிக்கும் கம்பெனி, விற்பனை வருஷா வருஷம் ஏறுகிறது, லாபமும் இருக்கிறது. பாதிக்கு மேல் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். பேராசிரியர் நேராக என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை காலை நீங்கள்தான் முதலாளி. முதல் வேலை என்ன?" விரிவாக்கம், புதுச் சந்தை, விளம்பரம் என்று வாயில் வந்ததையெல்லாம் உளறினேன். கப்பலில் பொறியாளராக இருந்துவிட்டுப் படிக்க வந்த ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையைக்கூடத் தூக்காமல் கேட்டார்: "கையில எத்தனை நாளுக்குக் காசு இருக்கு?"

எல்லாரும் கடைசிப் பக்க அட்டவணையைப் புரட்டினோம். சரக்கு வாங்கியவர்கள் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். மூலப்பொருள் கொடுத்தவர்களுக்கோ 30 நாளில் கொடுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் 60 நாளையும் கம்பெனி கைக்காசில் ஓட்டுகிறது. விற்பனை ஏற ஏற அந்தப் பள்ளமும் ஆழமாகிறது. லாபம் காட்டிக்கொண்டே மூழ்குகிறது அந்தக் கம்பெனி! லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்பது எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் மண்டையில் ஏறியது. இன்றைக்கும் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இந்தப் பாடம் எந்தக் கணக்கியல் புத்தகத்திலும் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. எனக்கு அதை உறைக்க வைத்தது அந்தக் கப்பல்காரர். நடுக்கடலில் எண்ணெய் எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போட்டே பழகியவர் அவர். அதனால் கல்லூரியைப் பார்க்கும்போது பாடத்திட்டத்தைப் பார்க்காதே, அது எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட உட்காரப்போகிறவர்கள் யார், இதற்கு முன் என்ன வேலை பார்த்தார்கள் என்று விசாரி. வகுப்பு முழுக்க நேற்றுத்தான் பட்டம் வாங்கி வந்தவர்கள் என்றால், எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆள் கிடையாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கோணத்தைச் சொன்னார், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். வேலை கொடுப்பவருக்கு உன் திறமை வெளியிலிருந்து தெரியாது. படிப்பு உன் திறமையைக் கூட்டாவிட்டால்கூட, திறமைசாலிகளுக்கு அதை முடிப்பது சுலபம் என்பதால் அது ஓர் அடையாளமாக வேலை செய்யும். நேர்முகத் தேர்வு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானே அதைச் செய்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 200 விண்ணப்பத்தை ஒரு மாலைக்குள் 12 ஆகக் குறைக்கச் சொன்னால் கல்லூரிப் பெயரில்தான் கண் நிற்கிறது. நியாயமா என்று கேட்காதே. ஆனால் அந்த அடையாளத்துக்கு மதிப்பு இருப்பது, உள்ளே நுழைவது கஷ்டமாக இருக்கும்வரைதான். விண்ணப்பம் போட்ட எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியின் பட்டம் என்னிடம் எதையும் சொல்வதில்லை.

எம்.பி.ஏ. நிஜமாகவே கொடுக்கும் ஒன்று, தடம் மாறும் வாய்ப்பு. சோதனைப் பிரிவில் இருப்பவன் திடீரென்று நிதிப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வருஷப் படிப்பின் நடுவில் வரும் கோடைப் பயிற்சியில் அதே ஆள் புதுத் துறையில் பத்து வாரம் வேலை செய்து காட்டலாம். பெரிய ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் கல்லூரி வாசலுக்கே வந்து ஆள் எடுக்கின்றன. வெளியிலிருந்து அந்தக் கதவைத் தட்டுவது கடினம். பிரான்சின் இன்சியாட் என்ற மேலாண்மைக் கல்லூரி போல 10 மாதத்தில் முடிக்கும் படிப்புகளும் இருக்கின்றன. சம்பள இழப்பு பாதியாகும், ஆனால் ஓராண்டுப் படிப்புகள் பலவற்றில் இந்தப் பயிற்சிக்கு நேரம் இருக்காது. இருக்கும் துறையிலேயே மேலே போக அது போதும். தடம் மாற எனக்குத் தெரிந்து இரண்டு வருஷம்தான் சரி.

இப்போது பணம். எந்த நாட்டுக் காசு என்பது வேண்டாம், உன் இன்றைய ஒரு வருஷச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள். வருஷம் 8 சதவீத உயர்வு என்றால் படிக்கும் இரண்டு வருஷத்தில் இழப்பது 100, 108, ஆக 208. படிப்புச் செலவு 150, முழுக்கக் கடன். 10 சதவீத வட்டிக்கு 10 வருஷத் தவணை என்றால் வருஷத்துக்கு 24 போகும். படிக்காமலே இருந்தால் மூன்றாம் வருஷம் 117 வாங்குவாய். படித்து வந்து 160 கிடைக்கிறது என்றால் கூடுதல் 43. தவணை போக மிச்சம் 19. அந்த 19ஐ வைத்து இழந்த 208ஐ மீட்கப் பதினோரு வருஷம்! அதுவே 230 கிடைத்தால் இரண்டரை வருஷத்துக்குள் கணக்கு நேராகிவிடும். வரியையும் படிக்கும் காலத்து வட்டியையும் விட்டுவிட்டேன், சேர்த்தால் இன்னும் கசக்கும். எல்லாரும் கட்டணத்தைப் பார்த்துத்தான் மலைக்கிறார்கள். கையை விட்டுப் போகும் சம்பளம் அதைவிடப் பெரிது என்பது முழுநேரப் படிப்பில் பலருக்கும் பட்டபிறகுதான் தெரிகிறது.

அந்த 160ஆ 230ஆ என்பதை எங்கே பார்ப்பாய்? கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில். அங்கேதான் நான் ஏமாந்தேன். நான் படித்த இடத்தில் (பேர் வேண்டாம்) 'சராசரிச் சம்பளம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பத்து பேரில் ஒன்பது பேருக்கு 120, ஒருவருக்கு 700 என்றால் சராசரி 178. அந்த 178ஐ வாங்குகிறவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. சம்பளத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேள். எத்தனை பேர் சொன்ன கணக்கு அது, வேலை கிடைக்காதவர்களைச் சேர்த்தார்களா, வேலையில் சேரும்போது ஒரே ஒரு தடவை தரும் போனஸ் அதற்குள் ஒளிந்திருக்கிறதா என்றும் கேள். மழுப்பினால் அந்த விண்ணப்பத்தை மூடிவிடு.

வேலையை விடாமல் படிக்கும் வழியும் பழையதுதான், சிகாகோ பல்கலைக்கழகம் 1943லேயே பணியில் இருக்கும் மேலாளர்களுக்கென்று ஒன்று தொடங்கியது. அது வேலையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவர்களுக்கு. உனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சரி, உன் விஷயம். போன மாதம் நீ புலம்பியதில் முக்கால்வாசி உன் மேலாளரைப் பற்றி. அந்த ஆளிடமிருந்து தப்பிக்க இரண்டு வருஷமும், 208ம் 150ம் சேர்ந்த 358ம் அதிகம், அதற்கு வேறு டீமுக்கு மாற்றல் கேட்டால் போதும். பட்டம் வாங்கியபின் என்ன வேலை பார்ப்பாய் என்று கேட்டேன், "மேனேஜ்மென்ட்" என்றாய். அது வேலையின் பேர் இல்லையடா. எந்த நாற்காலியில், எந்த மாதிரி கம்பெனியில், காலையில் வந்ததும் எந்தக் கோப்பைத் திறப்பாய்? அதைச் சொல்லத் தெரியாமல் உள்ளே போனவர்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள். சேர்ந்த சில வாரத்திலேயே கம்பெனிகள் வந்து இறங்கிவிட்டன, யோசிக்க நேரமே இல்லாமல் மற்றவர்கள் நின்ற வரிசையில் போய் நின்றார்கள்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். உனக்குப் பிடித்த பதவிக்கு இருபது வேலை விளம்பரம் எடு. எத்தனையில் எம்.பி.ஏ. கட்டாயம் என்று இருக்கிறது என்று எண்ணு. பிறகு அந்த நாற்காலியில் இப்போது இருக்கும் மூன்று பேரிடம் பேசு, எப்படி வந்தார்கள் என்று கேள். இருபதில் பதினைந்து கேட்டால், அந்த மூவரில் இரண்டு பேர் அந்தப் படிப்பு வழியாக வந்தவர்கள் என்றால், அடுத்த வருஷம் நானே உன்னைப் பிடித்துத் தள்ளுகிறேன். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட்டை வேண்டுமானால் இப்போதே எழுதிவை, மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும்.

சிபாரிசுக் கடிதம் கேட்பதென்றால் ஆறு வாரம் முன்னாலேயே சொல்லிவிடு. போன தடவை ஒருத்தர் இரண்டு நாள் கொடுத்தார், அவசரத்தில் அவர் பார்த்த பதவியையே தப்பாக எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா