கடல் முள்ளெலியைத் தொட்டியில் விடும்முன் உப்பளவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளிடையே உப்புநீர் மீன் தொட்டி வைக்கும் ஆர்வம் சில காலமாகப் பெருகி வருகிறது. கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காத வயதில் ஓர் உயிரைப் பேணிப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தொட்டிகளில் தேவையின்றி மாண்டு போகும் ஓர் உயிரைப் பற்றித் தங்கள் நாளிதழின் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கோமாளி மீனோடு தொட்டியைத் தொடங்குபவர்கள், கண்ணாடியிலும் பாறையிலும் பாசி படர்ந்ததும், அதை மேய்ந்துவிடும் என்று கடையில் சொல்லக் கேட்டு, மலாயில் லண்டாக் லாவுட் எனப்படும், உருண்டை ஓட்டின் மேல் முட்கள் கொண்ட கடல் முள்ளெலி ஒன்றை வாங்கி வருகிறார்கள். கடைக்காரர் சொல்வது உண்மைதான். பாசி மேய்வதில் அதற்கு இணையான உயிர்கள் மிகச் சில. ஆனால் வந்த சில நாள்களிலேயே முட்கள் சாய்ந்து, ஒவ்வொன்றாக உதிர்ந்து, வெறும் ஓடு மணலில் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். நோய் என்கிறார்கள் சிலர். கை ராசியில்லை என்கிறார்கள் சிலர். நன்னீர் மீனுக்குச் செய்வதுபோல் பையைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, வாயை அவிழ்த்து, உயிரைத் தொட்டிக்குள் போட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

கடல்மீன் உப்புநீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றித் தன் உடலின் உப்பளவைத் தானே காத்துக்கொள்ளும். கடல் முள்ளெலிக்கு அந்த ஆற்றல் இல்லை. அதன் ஓட்டுக்குள் நிறைந்திருக்கும் திரவத்தின் உப்பளவும் வெளியே உள்ள நீரின் உப்பளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஓட்டின் உச்சியில் உள்ள சல்லடைத் தட்டின் வழியே கடல்நீரோடு தொடர்பு கொண்ட ஒரு குழாய் மண்டலம்தான், நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்க் கால்களை நீட்டவும் ஒட்டவும் சுருக்கவும் அதற்குத் துணை செய்கிறது. வெளிநீர் சட்டென்று மாறினால் அதன் திசுக்களுக்குள் நீர் புகும், அல்லது திசுக்களிலிருந்து நீர் வெளியேறும்; குழாய்க் கால்கள் கண்ணாடியைப் பற்ற முடியாமல் தளரும்; ஒவ்வொரு முள்ளையும் அடியில் தாங்கியிருக்கும் தசையும் வலுவிழக்கும். நாம் காண்கிற முள் உதிர்வு அதன் விளைவே.

இதில் கடைகளின் பங்கும் உண்டு. உப்புச் செலவைக் குறைக்கவும், மீன்களின் ஒட்டுண்ணிகளை மட்டுப்படுத்தவும் சில கடைகள் தங்கள் தொட்டிகளைக் கடலின் அளவைவிடக் குறைந்த உப்பில், ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.018 அல்லது 1.020 என்ற அளவில் வைத்திருக்கின்றன. வீட்டில் புத்தகம் பார்த்து ஒழுங்காக உப்புக் கலக்கியவரின் தொட்டியோ 1.025 அல்லது 1.026இல், அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பில் இருக்கும். மீனுக்குத் தாங்கக்கூடிய அந்த இடைவெளி கடல் முள்ளெலிக்குப் பேரிடி. எனவே பையைத் திறந்ததும் முதல் வேலை, பை நீரின் உப்பளவையும் தொட்டி நீரின் உப்பளவையும் அளந்து பார்ப்பது. பால் கொட்டகையில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை மிதக்கவிட்டு ரப்பர் பாலின் கெட்டியைக் கணித்த எங்கள் தலைமுறைக்கு, நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் அந்நியமானதன்று. ஆனாலும் மலிவான பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரின் முள்ளில் ஒரு நீர்க்குமிழி ஒட்டினாலே கணக்குத் தவறிவிடும் என்பதால், ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள அளவுக் கரைசலால் சரிபார்த்த, ஒளி விலகலைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ரக்டோமீட்டரையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது சொட்டுமுறை. பையைத் திறக்கும் முன்பே தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பநிலை ஒன்றாகிவிடும். பிறகு, சவர்க்காரம் படாத ஒரு சிறு வாளியில் உயிரையும் பை நீரையும் சேர்த்து மெதுவாக இறக்க வேண்டும். நீர் அதை முழுவதும் மூடாவிட்டால் வாளியைச் சாய்த்து வைத்தால் போதும். தொட்டியிலிருந்து ஒரு காற்றுக் குழாயை வாளிக்கு இறக்கி, நடுவில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி இறுக்கினால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் சேரும். வாளி நீர் இரு மடங்கானதும் பாதியை வெளியே ஊற்றிவிட்டு மறுபடியும் சொட்டவிட வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை உப்பளவே தீர்மானிக்கட்டும். இரண்டு நீரும் ஒன்றாகும்வரை, பெரும்பாலும் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் முட்களை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பிறகு முட்களுக்கிடையே நூல் நூலாகக் குழாய்க் கால்கள் நீண்டு, நுனியில் உள்ள சிறு வட்டங்களால் வாளியின் சுவரைத் தடவிப் பார்த்து, ஒன்று ஒட்ட, அடுத்தது ஒட்ட, உடல் மெல்ல நகரத் தொடங்கும். அது உடல் தேறி வருவதற்கு நல்ல அடையாளம்.

மாற்றும்போதும் அவசரம் கூடாது. வலையில் பிடித்தால் முட்களும் குழாய்க் கால்களும் சிக்கிக் கிழியும். ஒட்டியிருப்பதைப் பிடுங்கினாலும் கால்கள் அறுந்துபோகும். அகலமான பிளாஸ்டிக் குவளையை நீருக்குள்ளேயே அதன் பக்கத்தில் வைத்து, விரல் நுனியால் மெல்லத் தள்ளிக் குவளைக்குள் சேர்த்து, காற்றுப் படாமல் அப்படியே தொட்டிக்குள் இறக்கிவிட வேண்டும். வாளியில் எஞ்சிய நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். கடைத் தொட்டியில் மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால் அது முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு.

இணையத்தில் வாங்கி, இரவு முழுதும் கூரியரில் வரும் பைக்கு மட்டும் இம்முறையைச் சற்று மாற்ற வேண்டும். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து நீரின் அமிலத்தன்மை கூடியிருப்பதால், கழிவாகச் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேறி, அம்மோனியா நச்சு வடிவுக்கு மாறிவிடும். அந்த நீரிலேயே மணிக்கணக்கில் வைத்துச் சொட்டவிடுவது கேடு. பை நீரின் உப்பளவை அளந்து, அதே அளவில் புதிய உப்புநீரை வேறொரு வாளியில் கலக்கி, வெப்பநிலை ஒத்ததும் உயிரை அதில் உடனே மாற்றி, பிறகு சொட்டுமுறையைத் தொடங்குவதே நல்லது.

முதல் நாளைத் தாண்டிய பிறகும் உப்பளவு நம் ஊரில் ஓயாத கவலை. இத்தொட்டிக்கு 25, 26 பாகை வெப்பம் ஏற்றது. நம் வீட்டு வரவேற்பறையோ மதியத்தில் 31, 32க்கு ஏறிவிடும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லாதவர்கள் நீர்மட்டத்தின் மேல் விசிறி வைக்கிறார்கள். அது சரியான வழியே. ஆனால் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பன்று. குறைந்த மட்டத்தை உப்பில்லாத சுத்த நீரால் அன்றன்று சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். வாரம் முழுவதும் விட்டுவிட்டுச் சனிக்கிழமை ஒரே வாளியாக ஊற்றினால், கடையிலிருந்து வந்த அன்று தவிர்த்த அதே அதிர்ச்சி மீண்டும் வந்து சேரும். துத்தநாகத் தகரக் கூரையில் பிடித்த மழைநீர் வேண்டவே வேண்டாம். அதில் கரையும் துத்தநாகம் இவ்வுயிர்களுக்கு ஆகாது. டிங்கிக்காகப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை நன்றாக மூடிக் காற்றுப் பம்பை நிறுத்திவிட்டு, புகை கலைந்ததும் உடனே ஓடவிடுங்கள். அப்புகையில் சேர்க்கப்படும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு.

புதிதாக அமைத்த தொட்டியில், கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகிப் பாசியும் படரும்வரை பொறுத்திருப்பது நலம். பாசி தீர்ந்துவிட்டால் உப்பிடாத நோரி கடற்பாசித் தாளைப் பாறையில் கட்டிக் கொடுக்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நஞ்சுள்ள நீள்முள் கருப்பு வகையைவிடக் குட்டை முள் வகையே பொருத்தம்.

விடுமுறைக்குத் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். பாயார், ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் போன்ற கடல் பூங்காக்களில் எந்தக் கடல் உயிரையும் அனுமதியின்றி எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கரீபியன் கடலில் 1983இல் தொடங்கிய ஒரு கொள்ளைநோயில் நீள்முள் வகை பெரும்பாலும் மடிந்தபோது, மேய ஆளில்லாமல் பாசி பவளப் பாறைகளை மூடிவிட்டது. கடலுக்கு அவ்வளவு வேண்டிய உயிர் அது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே. கடல் முள்ளெலியைப் பையில் கட்டித் தரும்போது, உங்கள் தொட்டியின் ஒப்படர்த்தியையும் வெப்பநிலையையும் ஒரு சிறு சீட்டில் எழுதிப் பையில் ஒட்டித் தாருங்கள். செம்பு மருந்து போட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். சொந்தமாக ரிஃப்ரக்டோமீட்டர் வாங்க முடியாத மாணவர்கள் வீட்டுத் தொட்டி நீரைப் போத்தலில் கொண்டு வந்தால் கட்டணமின்றி அளந்து கொடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.