மொரிஷியஸ் ரோஸ்ஹில்லிலிருந்து மகளுக்கு

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. போனில் கிரியோலில் பேச ஆரம்பித்தால் சிரித்துப் பேசியே வைத்துவிடுகிறோம். கேட்க நினைத்தது நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் தமிழில், காகிதத்தில்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி இரண்டு மணிக்கும் நீ வாட்ஸ்ஆப்பில் இருந்தது தெரிகிறது.

மோக்கா பக்கம் கரும்பு பூத்துவிட்டது. அப்பாவின் நினைப்பாகவே இருக்கிறது.

ஞாயிறுதோறும் உன் பெயரைப் போட்டுத் தேடுகிறேன். பிரான்சில் மோன்பெலியேயில் இருந்தவரை வருஷத்துக்கு ஒன்றிரண்டு கட்டுரை வரும். எனக்கு ஒரு வரிகூடப் புரியாது. உன் பெயருக்குக் கீழே பச்சை மையால் கோடு போட்டு பிஸ்கட் டின்னில் வைப்பேன். ஒன்பது இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் பாசல் கம்பெனியில் சேர்ந்த பிறகு ஒன்றுமே வரவில்லை. 2024 மார்ச்சில் ஆர் 570 கரும்பின் மரபணுத் தொகுதி 'நேச்சர்' இதழில் வந்ததே, பக்கத்துத் தீவு ரீயூனியனில் உருவாக்கிய அதே கரும்பு, அப்பா அடிக்கடி சொல்வாரே. பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எத்தனை நாட்டுக்காரர்கள்! ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தேன். நீ இல்லை.

கேட்டால், "சொல்லக் கூடாதும்மா, கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்கிறாய். காப்புரிமைக்கு மனுப் போடும்வரை வெளியே விடமாட்டார்களாம். சரி. அப்பாவும் ரெதுயி கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பூவோடு பூ சேர்த்து, தூசி மாதிரி விதையைத் தட்டில் தூவி, பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தால்தான் ஒரு ரகம். அன்றன்றைக்கு நடந்ததை அடுப்படியில் வந்து சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார். நீ பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாத வேலை என்ன வேலை?

கோபப்படாதே. கோயிலில் என்னை 'டாக்டர் செல்வி அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது போதும்.

எங்கேயோ ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தையே மூடிவிட்டதாக எதிர்வீட்டு அக்கா சொல்ல வந்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். இங்கே மட்டும் என்ன? 2015-இல் வேல்ஸ் பல்கலைக்கழகம் ஒன்று 2,000 பேருக்கென்று கிளை திறந்தது. சில வருஷத்திலேயே புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கணக்குப் பார்த்து வருவார்கள், கணக்குப் பார்த்துப் போவார்கள். நீ வேளைக்குச் சாப்பிடு. எதில் கையெழுத்துப் போட்டாலும் முழுக்கப் படித்துவிட்டுப் போடு.

செல்வி, ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல், இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தை நீக்கிய வருஷம், ரெதுயியில் இடம் இருக்கிறது, வந்துவிடட்டுமா என்று கேட்டாய். அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். வீட்டுக்கடன் பாதி நின்றது. போன பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தேன். அவர் போன பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர்மேல் நீ வருத்தத்தோடு இருந்ததைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ கேட்ட அன்றைக்குச் சாயங்காலமே அவர் உன் அறை ஜன்னலுக்கு நீலப் பெயிண்ட் வாங்கி வந்தார். அந்த டின் இன்னும் திறக்காமல் கொல்லையில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா