தாள் நன்றாக இருந்தால் போதும்

ஆசிரியருக்கு,

கையெழுத்து மறைந்து வருவது பற்றிய உங்கள் கட்டுரை பழையதை எண்ணி ஏங்குவதோடு நின்றுவிட்டது. கையால் எழுதுவதில் இன்றைக்கும் பயன் இருக்கிறது. வகுப்பில் குறிப்பெடுக்கும்போது, தட்டச்சில் காதில் விழுவதை அப்படியே இறக்கிவிடலாம். கை அவ்வளவு வேகமாக ஓடாது. எது முக்கியம் என்று அப்போதே யோசித்துத்தான் எழுத வேண்டும். அதனால் கேட்டது நன்றாகப் புரியும். உளவியல் ஆய்வாளர்கள் மியூல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. பிறகு வந்த ஆய்வுகள் சிலவற்றில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை என்பதும் உண்மை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடித்தல் திருத்தல்தான். 1837-இல் டார்வின் தன் குறிப்பேட்டில் ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதி, அதன்கீழ் உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதைக் காட்டும் மரம் ஒன்றைக் கிறுக்கி வைத்தார். பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த அந்த நோட்டு, 2022-இல் ஒரு இளஞ்சிவப்புப் பையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குத் திரும்பி வந்தது. கணினிக் கோப்பாக இருந்தால் அந்தக் கோணல் கோடுகள் மிஞ்சியிருக்குமா?

நல்ல நோட்டு என்றதும் தோல் அட்டையைத் தேட வேண்டாம். அது வெறும் பகட்டு. மை ஊறிப் பின்பக்கம் தெரியாத தாளா, நூலால் தைத்த கட்டா என்று பாருங்கள். பசை மட்டும் போட்டு ஒட்டியது விரித்தால் படியாது. அழுத்தினால் முதுகு விட்டுவிடும். நெடுநாள் வைத்திருக்க வேண்டுமென்றால் அமிலமில்லாத தாள் நல்லது, சீக்கிரம் பழுப்பேறாது.

அழகான நோட்டை வாங்கி, பாழாகிவிடுமோ என்று எழுதாமலே வைத்திருப்பவர்கள் முதல் பக்கத்தில் ஏதாவது கூட்டல் கணக்கைப் போட்டுவிடட்டும். அப்புறம் தயக்கம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்